நிதித் துறைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்காக: கணித, இயற்பியல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். இளநிலை இறுதியாண்டில் உங்களிடம் வந்து, "எனக்கு நிதித் துறையில் வேலைக்குப் போகணும், எந்த முதுநிலைப் படிப்பில் சேரலாம்?" என்று கேட்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு வங்கியின் மாடல் சரிபார்ப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். மற்றவர்கள் உருவாக்கிய கணக்கு மாடல்களைப் பிரித்துப் பார்த்து, எந்த இடத்தில் அவை பொய்த்துப்போகும் என்று தேடுவது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களை நேர்காணல் செய்வதும் உண்டு.

அந்த இளைஞர்கள் பெரும்பாலும் உங்களிடமிருந்து இரண்டு பதில்களில் ஒன்றைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். "பணம்தான் வேண்டுமென்றால் எம்.பி.ஏ. படி" என்பது ஒன்று. "கணிதத்தை நன்றாகப் படி, மற்றதெல்லாம் தானாக வரும்" என்பது இன்னொன்று. முதலாவது அவர்களைப் புண்படுத்துகிறது. இரண்டாவது அவர்களை நம்பவைத்துப் பாதி வழியில் விட்டுவிடுகிறது. எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதுதான்.

அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "நிதித் துறையில் என்ன வேலை?" என்பதுதான். நிறுவனங்களை இணைப்பது, மதிப்பிடுவது, முதலீட்டாளர்களுடன் பேசி விற்பது போன்ற வேலைகளுக்குக் கணிதத்தில் முதுநிலை தேவையில்லை. அங்கே கணக்கியலும் பேச்சுத் திறனும்தான் முக்கியம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மிச்சம். காப்பீட்டில் ஆக்சுவரி (இழப்பு வாய்ப்பைக் கணக்கிட்டுப் பிரீமியத்தை வகுப்பவர்) ஆக வேண்டும் என்றால் அந்தத் தொழில் அமைப்புகள் நடத்தும் தேர்வுகள்தான் பட்டத்தைவிடப் பெரிது. டெரிவேட்டிவ் (பங்கு போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தம்) விலையிடல், ரிஸ்க் அளவீடு, கடன் மாடல்கள், டிரேடிங் ஆராய்ச்சி ஆகியவற்றில்தான் உங்கள் துறைகளின் பட்டத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

உங்கள் பாடத்துக்கும் சந்தைக்கும் உறவு புதிதல்ல. 1900ல் லூயி பாஷெலியே என்ற மாணவர் பாரிஸில் பங்குச் சந்தை விலைகளின் அசைவைப் பற்றி ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதை மதிப்பிட்டவர்களில் கணித மேதை புவான்கரேயும் ஒருவர். திரவத்தில் நுண்துகள்கள் தாறுமாறாக அசையும் பிரௌனியன் இயக்கம் பற்றி, அதே வகைக் கணிதத்தோடு ஐன்ஸ்டீன் எழுதியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1905ல். அப்புறம் 1973ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு; ஆப்ஷனுக்கு, அதாவது ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தத்துக்கு, விலை கணக்கிடுவது. மாறிகளை மாற்றி எழுதினால் அது உங்கள் வெப்பச் சமன்பாடாகவே ஆகிவிடும். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பிஷர் பிளாக் இளநிலையில் படித்தது இயற்பியல், 1964ல் டாக்டர் பட்டம் வாங்கியது பயன்பாட்டுக் கணிதத்தில். ஆகவே நிதித் துறைக்குப் போகும் மாணவர் உங்கள் துறையை விட்டு ஓடுகிறார் என்று வருந்த வேண்டாம்.

ஆனால் இந்த வரலாற்றைக் காட்டி, "எந்தக் கணிதமும் போதும்" என்று சொல்லிவிடவும் கூடாது. இந்த இடத்தில் ஜிம் சைமன்ஸின் பெயர் வழக்கமாக வரும். வடிவியலில் பெரிய ஆளாக இருந்தவர், பிறகு 1982ல் கணித மாடல்களை வைத்து முதலீடு செய்யும் ரெனைசன்ஸ் டெக்னாலஜீஸைத் தொடங்கியவர். உண்மைதான். ஆனால் அங்கே 1993ல் சேர்ந்த பீட்டர் பிரவுனும் ராபர்ட் மெர்சரும் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் ஐபிஎம்மில் மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் இருந்தவர்கள். புள்ளியியலும் நிரலாக்கமும் சேர்ந்த வேலை அது. அந்த மாதிரி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பணிகளுக்கு டாக்டர் பட்டம் முடித்தவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்பதையும் முதுநிலை மாணவரிடம் மறைக்கக் கூடாது.

நேர்காணலில் நான் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஓர் ஆப்ஷனின் விலையை மான்டி கார்லோ முறையில், அதாவது விலை போகக்கூடிய பாதைகளைத் தற்செயலாக உருவாக்கிச் சராசரி எடுத்து, 10,000 பாதைகளை வைத்துக் கணக்கிடுகிறீர்கள். பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை பாதைகள் வேண்டும்? பாதைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பிழை குறையும் என்பதால் 10 லட்சம் வேண்டும். இந்த விடைக்கு அடிப்படையான மைய எல்லைத் தேற்றத்தைப் பலகையில் அழகாக நிறுவிக்காட்டும் மாணவர்கள் இந்தக் கேள்வியில் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தேற்றத்தையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். நிதித் துறைதான் என்று முடிவெடுத்துவிட்ட பெரும்பாலான மாணவர்களுக்குத் தூய கணிதத்தைவிடப் புள்ளியியல் முதுநிலை நல்லது. அதற்கு அடுத்தது எண்ணியல் முறைகளும் நிரலாக்கமும் கனமாக உள்ள பயன்பாட்டுக் கணிதம் அல்லது கணிப்பிய இயற்பியல். 2018ல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதி, கடன் மோசமாகும்வரை காத்திருக்காமல் எதிர்பார்க்கும் இழப்பை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது. அந்த விதியைப் பின்பற்றும் வங்கிகளுக்கு அன்றாடம் வேண்டியது ரிக்ரெஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடும் முறை), காலத் தொடர், நிகழ்தகவு. ஸ்டோகாஸ்டிக் கால்குலஸ் (தற்செயலாக அசையும் அளவுகளுக்கான நுண்கணிதம்) தெரிந்தவர்களைவிட, அரைகுறைத் தரவை நேர்மையாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் அதிகம்.

நிதிப் பொறியியல் என்ற பெயரிலேயே நடக்கும் முதுநிலைப் படிப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். பல இடங்களில் கட்டணம் அதிகம், படிப்பின் வீச்சு குறுகியது. சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள்: அங்கே படித்தவர்கள் இப்போது எந்த வேலையில், எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள்? விவரம் தெளிவாகக் கிடைத்தால் யோசிக்கலாம். மனம் மாற வாய்ப்புள்ள மாணவருக்குப் புள்ளியியல் பட்டம்தான் பாதுகாப்பு. மருந்து ஆய்வு, வானிலை, மென்பொருள் என்று வேறு எங்கும் அதைக் கொண்டு போகலாம்.

இயற்பியல் பேராசிரியர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் எந்த அளவீட்டுக்கும் பக்கத்தில் பிழை வரம்பை எழுதாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பீர்களே, அந்தப் பழக்கம் எங்கள் துறையில் அரிதாகவே இருக்கிறது. கணித மாடல்களை நம்பி முதலீடு செய்த லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் நிதியம் 1998ல் சரிந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுதான் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய மெர்ட்டனும் ஷோல்ஸும் அதில் பங்குதாரர்களாக இருந்தார்கள். கடன்களுக்கு இடையிலான தொடர்பை அளக்க 2000ல் டேவிட் லீ முன்வைத்த காஸியன் காப்புலா சூத்திரத்தில் இயற்கணிதப் பிழை எதுவும் இல்லை. பல கடன்கள் ஒன்றாக மூழ்கும் வாய்ப்பை ஒரே ஓர் எண்ணில் அடக்கி, அந்த எண் மாறாது என்று சந்தை நம்பியதுதான் ஆபத்து. 2008 நெருக்கடியில் அது வெளிப்பட்டது. 2011ல் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வெளியிட்ட வழிகாட்டுதல், மாடலை உருவாக்காதவர்கள் அதைச் சுயேச்சையாகச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்தச் சோதனைக்கு உங்கள் ஆய்வகத்தில் வளர்ந்த சந்தேகப் புத்திதான் வேண்டும். அதை மாணவர்களிடம் சொல்லுங்கள். தங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விருப்பப் பாடங்களைப் புள்ளியியல் துறையிலும் கணினித் துறையிலும் எடுக்க அனுமதியுங்கள். இப்போது பல துறைகள் அந்தக் கதவை மூடியே வைத்திருக்கின்றன. முதுநிலை ஆய்வேட்டுக்கு இடைவெளிகளும் தவறுகளும் நிறைந்த நிஜத் தரவு ஒன்றை எடுத்து ஒரு மாணவர் வந்தால், "இதில் தேற்றம் எங்கே?" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மாடலை எழுதி, நிரலை எழுதி, அது எங்கே உடைகிறது என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நேர்காணலில் நான் முதலில் புரட்டுவது அந்த நான்கு பக்கங்களைத்தான். பரிந்துரைக் கடிதத்தில் தேர்வு மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், தன் விடை தவறு என்று தெரிந்தபோது அவர் என்ன செய்தார் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்த பருவத்துக்கான விருப்பப் பாடப் பட்டியலைத் துறைக் கூட்டத்தில் வைக்கும்போது இதைப் பேசுங்கள். பாடத்திட்டம் வகுக்கவோ மாணவர்களிடம் பேசவோ என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்களை அழைத்தால், கட்டாயம் வருவோம்.

அன்புடன்,
வங்கி மாடல் சரிபார்ப்புப் பணியில் இருக்கும் ஒருவர்