மேயர் சத்தியமூர்த்திக்கு, பூண்டித் தண்ணீர் குடிக்கும் ஒருவன்

மரியாதைக்குரிய சத்தியமூர்த்தி ஐயாவுக்கு,

வணக்கம். வடசென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பேரைச் சொன்னால் இந்த ஊரில் பலருக்கும் ராயப்பேட்டை சத்தியமூர்த்தி பவன்தான் ஞாபகம் வரும், அதுவும் காங்கிரசுக்குள் ஏதாவது சண்டை என்றால் டிவியில் அந்தக் கட்டடத்தைக் காட்டுவதால். கொஞ்சம் படித்தவர்கள் காமராஜருக்குக் குரு என்பார்கள். மேயர் என்று சொல்பவர்கள் குறைவு. எனக்கு அந்த மேயரிடம்தான் பேச வேண்டும்.

திருமயத்தில் 1887இல் பிறந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு மெட்ராஸ் வந்து, கிறிஸ்தவக் கல்லூரி, சட்டப் படிப்பு, வக்கீல் தொழில், காங்கிரஸ் மேடை, ஜெயில், டெல்லியில் மத்திய சட்டசபை என்று ஓடியவர், 1939இல் ரிப்பன் மாளிகைக்கு மேயராக வந்தீர்கள். அப்போதெல்லாம் மேயர் பதவி ஒரே வருஷம். அங்கியும் சங்கிலியும் மாட்டிக்கொண்டு, வருகிற பெரிய மனிதர்களுக்கு மாலை போட்டே காலத்தை ஓட்டியிருக்கலாம், ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் தண்ணீர்ப் பிரச்சினையைக் கையில் எடுத்தீர்கள்.

கொசஸ்தலை ஆற்றில், திருவள்ளூர் பக்கத்தில் இருக்கும் பூண்டியில் அணை கட்ட வேண்டும். சரி, யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் கட்சி மந்திரிசபை அந்த 1939ஆம் வருஷக் கடைசியில்தான் ராஜினாமா செய்திருந்தது, கோட்டையில் நடந்தது கவர்னர் ஆட்சி, உலக யுத்தம் வேறு. நாட்டை விட்டுப் போகச் சொல்லி யாரை எதிர்த்து மேடை மேடையாகப் பேசினீர்களோ அவர்களிடமே போய் நின்று ஊருக்கு ஏரி கேட்டிருக்கிறீர்கள். கட்சி கௌரவம் பார்த்து ஒதுங்கியிருந்தால் இன்று என் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்திருக்கும்.

1940இல் அடிக்கல் போட்டார்கள், 1944இல் வேலை முடிந்தது. நடுவில் 1942இல் உங்களைப் பிடித்து அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள், முதுகெலும்பு போய், 1943 மார்ச் 28 அன்று இங்கே ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்துபோனீர்கள். ஏரி நிறைந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை. தன் காலத்திலேயே திறப்பு விழா நடக்க வேண்டும், கல்வெட்டில் தன் பேர் வர வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டார். எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் மாற்றாமல் மேலே மேலே ரோடு மட்டும் போட்டு, வீட்டு வாசற்படி ரோட்டுக்குக் கீழே போனது அந்தக் கணக்கால்தான் என்பது என் சந்தேகம்.

இப்போது பூண்டிக்கு உங்கள் பேர்தான். முழுக் கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி, ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா தண்ணீரும் முதலில் அங்கேதான் வந்து சேர்கிறது. 2019 கோடையில் அதுவும் காய்ந்துபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் பகுதியில் மெட்ரோ வாட்டர் லாரி ஹார்ன் கேட்டால் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடுவார்கள், பிளாஸ்டிக் குடத்துக்கு பெயிண்டில் பேர் எழுதி வைத்த காலம் அது.

இதற்காக உங்களை எல்லாவற்றிலும் ஒத்துக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள். தேவதாசி ஒழிப்பு விஷயத்தில் முத்துலட்சுமி ரெட்டியை எதிர்த்து நின்றீர்களே, அதில் நான் முழுக்க அந்த அம்மா பக்கம்.

இப்படிக்கு,
பூண்டித் தண்ணீர் குடிக்கும் ஒருவன்