கேலி பொறுக்காத தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கட்சித் தலைவர்களுக்கு, வணக்கம்.

எல்லாக் கட்சிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று யாரும் மடித்து வைத்துவிட வேண்டாம்.

1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. யார் பெயரும் இல்லை, கட்சியும் இல்லை. ஆனாலும் சட்டப்பேரவைக்குக் கோபம் வந்து, ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்றது. பெயரே போடாத கேலியை வலியப் போய் ‘அது நாங்கள்தான்’ என்று ஏற்றுக்கொண்டார்களே, துணுக்கைவிட அதுதான் பெரிய நகைச்சுவை! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். பிறகு நீதிமன்றம் கைது தவறு என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது.

அப்புறமாவது பாடம் படித்தீர்களா? 2017-இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காகக் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025-இல் பிரதமரை வரைந்ததற்காக விகடன் இணையதளத்தையே முடக்கினார்கள். ஆட்சிகள் வேறு, ரோஷம் ஒன்றுதான்.

நாடகக்காரர், பத்திரிகையாளர் சோ ராமசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அரசியலில் பாதிக்கு மேல் எனக்கு ஒத்துவராது. ஆனால் 1968-இல் மேடையேறிய ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில், ஆதரவு தந்தவர்களையெல்லாம் துணைப் பிரதமர் ஆக்கிவிடுகிற பிரதமரைக் காட்டினாரே, கட்சி தாவல் பற்றி எத்தனை தலையங்கம் எழுதினாலும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகுமா? 1970-இல் ‘துக்ளக்’ பத்திரிகை தொடங்கியபோது முதல் இதழ் அட்டையில் அந்தப் பத்திரிகையைப் பற்றியே இரண்டு கழுதைகளைப் பேசவிட்டார். கேலி தன்னிடமிருந்தே தொடங்கட்டும் என்ற துணிச்சல் அது. நெருக்கடி நிலைத் தணிக்கைக்கு அவருடைய பதில், கறுப்பு அட்டை. பல ஆண்டுகள் கருணாநிதியைக் கிண்டல் செய்தவர்தான், 1996-இல் தி.மு.க.–த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) கூட்டணி அமைய உதவினார். இப்படிப்பட்ட ஆளை எந்தக் கட்சியின் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

கேலி பிடிக்கவில்லை என்றால் பதிலுக்குக் கேலி செய்யுங்கள். மேடையில் நையாண்டி பேசியே கைதட்டல் வாங்கியவர்களின் வாரிசுகள்தானே நீங்கள்? காவல் நிலையம் எதற்கு?

ஆளுங்கட்சியானதும் புகார் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எதிர்க்கட்சியாக இருந்தபோது நீங்களே பகிர்ந்து மகிழ்ந்த கேலிச்சித்திரங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அழித்துவிட்டீர்கள் என்றால் சொல்லுங்கள், எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
சிரித்துவிட்டு ஓட்டுப் போடும் ஒருவன்