இணையதளத்தின் சாவி உரிமையாளரிடம் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு வட்டாரத்தில் சிறு வணிகர்களுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் தளத்தின் அழகையும் வேகத்தையும் பற்றி நிறையக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆனால் தளத்தின் பெயரும், தளம் இயங்கும் கணினியான சர்வரின் கணக்கும் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. அதனால் நேரும் இழப்பைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பவானியில் ஜமக்காளம் விற்கும் வியாபாரி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னைத் தம் கடைக்கு அழைத்தார். அவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர், டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தம்முடைய மின்னஞ்சலில், தம்முடைய கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்திருப்பார். பிறகு அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் திறந்து பார்க்காத அந்த மின்னஞ்சலிலேயே கிடந்தன. நான் போனபோது கடையின் முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் பில் புத்தகத்திலும் அச்சாகியிருந்தது அதே முகவரிதான். நான் அங்கே உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும், ஒவ்வொரு பில்லிலும் அந்த ஒரு வரியை நீல மையால் அடித்த பிறகே அவர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியான அன்றே கைநழுவிப் போவதில்லை. பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் கழிந்து பெயர் நீக்கப்பட்ட பிறகும், பொதுவாக 30 நாட்கள் மீட்பு அவகாசம் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெறலாம். அதுவும் முடிந்தால் மேலும் 5 நாட்களில் பெயர் பொதுவில் விடப்படும், பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த அவகாசம் முழுவதும் பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலைக் கையில் வைத்திருப்பவருக்கே பயன்படும். தளத்துக்குப் பணம் கொடுத்த ரசீதைக் காட்டி அந்த வியாபாரியால் எதையும் மீட்க முடியவில்லை.

ஆகவே டொமைனை முதல் நாளிலேயே உரிமையாளரின் மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்து, அவருடைய பணத்தில் பதிவு செய்யுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். வங்கி அட்டை காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். டாட் காம் பெயரை 10 ஆண்டுகள் வரை சேர்த்தே பதிவு செய்யலாம் என்பதைப் பல உரிமையாளர்கள் அறிவதில்லை. டொமைனையும், தளத்தை வைக்கச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்கையும் ஒரே இடத்தில் வாங்கினால் மலிவு என்பார்கள். நான் பிரித்து வாங்கச் சொல்வேன். ஹோஸ்டிங் நிறுவனத்தோடு தகராறு வந்தாலும், டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் நேம் சர்வரை மாற்றிவிட்டு மறுநாளே வேறிடத்துக்குக் குடிபோகலாம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறையாக்கிக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கென்று சிறு கடைக்காரரிடம் ஆண்டுதோறும் தனிக் கட்டணம் வாங்குவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து அதை இலவசமாகவே தருகிறது.

அடுத்தது பேக்கப், அதாவது தளத்தின் காப்பு நகல். இதில் தவறு செய்தவன் நானே. ஒரு கிராமப் பள்ளியின் தளத்தில் பழைய மாணவர்கள் எழுதிய நினைவுக் கட்டுரைகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. சர்வரை மாற்றும்போது புதிய தளத்தைத் திறந்து பார்த்தேன்: தேதிகள் இருந்தன, தொலைபேசி எண்கள் இருந்தன, ஆங்கிலப் பெயர்கள் இருந்தன, தமிழ் இருந்த இடமெல்லாம் வரிவரியாகக் கேள்விக்குறிகள். தளத்தின் கட்டுரைகளெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸை நகலெடுக்கும் கட்டளையில், எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையான எழுத்துக் குறியாக்கத்தை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று விட்டிருந்தேன். தமிழ் எழுத்துக்கு அதில் இடமே கிடையாது என்பதால், நகல் எழுதப்படும்போதே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிட்டது. மாதந்தோறும் எடுத்துவைத்திருந்த பேக்கப்புகளைப் பதறிப்போய்த் திறந்தேன். இரண்டு ஆண்டுக் கோப்புகளிலும் அதே கேள்விக்குறிகள். பழைய சர்வர் கணக்கு முடிய மூன்று நாட்கள் மீதமிருந்ததால் மட்டுமே அந்தக் கட்டுரைகள் பிழைத்தன.

தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எழுத்துகளைப் போன்ற குப்பை தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே தமிழ் பத்திரமாகவே இருக்கும். குறியாக்கத்தைச் சரிசெய்தால் திரும்பிவிடும். கேள்விக்குறியாகிப் போனது திரும்பாது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன் லத்தீன்-1 தான் இயல்பிருப்பாக இருந்தது என்பதால், பழைய தளங்களைக் கையில் எடுப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு பக்கத்தையாவது தமிழில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகலே கைகொடுத்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஹோஸ்டிங் தரும் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர், அதாவது சர்வர்கள் வைக்கும் கட்டடம், 2021 மார்ச் 10 அன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். நகல் ஒன்றாவது சர்வர் இருக்கும் இடத்துக்கு வெளியே, முடிந்தால் உரிமையாளரின் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் வேலையை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, டொமைன் கணக்கிலும் ஹோஸ்டிங் கணக்கிலும் அவரையே அவருடைய கைப்பேசியில் நுழையச் சொல்கிறேன். கடவுச்சொல்லை எனக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லிவிட்டு, அவர் தட்டச்சு செய்து முடிக்கும் வரை முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பிறகு எனக்கு வேலை வரும்போது, அவர் அனுமதித்தால் தனிக் கணக்கில் உள்ளே போகிறேன்.

இப்படிக்கு,
இணையதளப் பணியாளர் ஒருவர்,
ஈரோடு.