ஏப்ரல் 23: எந்த நாட்காட்டி, எந்தக் கடிகாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வரலாற்றில் இன்று' பகுதியில் ஏப்ரல் 23-க்கு வந்த குறிப்புகளில் மேக்ஸ் பிளாங்க் பிறப்பு (1858), வேர்ட்ஸ்வொர்த் மறைவு (1850), சத்யஜித் ராய் மறைவு (1992) ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற மூன்றில் சிக்கல் இருக்கிறது. அவை எல்லாத் தேதிக்கும் வரக்கூடிய சிக்கல்கள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-ல் 'ஒரே நாளில்' இறந்ததாக அச்சாகியிருக்கிறது. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அங்கே அவ்வாண்டு அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. ஆகவே ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23, ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் பக்கமும் ஓர் ஓட்டை உண்டு: அவர் இறந்தது 22-ஆம் தேதி, 23 அடக்க நாள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. அப்படியானால் இருவருக்கும் இடையே 11 நாள். கிழமையை வைத்தும் சரிபார்க்கலாம். கிரிகோரியனில் 400 ஆண்டுக்கு 1,46,097 நாள். அது 7-ஆல் மீதியின்றி வகுபடும். எனவே 1616-ன் கிழமைகள் 2016-ஐப் போலவே அமையும். 2016 நாட்காட்டியைப் புரட்டினால் ஏப்ரல் 22 வெள்ளி, மே 3 செவ்வாய். ஒருவர் வெள்ளிக்கிழமை போனார், மற்றவர் செவ்வாய்க்கிழமை போனார்; இதில் ஒரே நாள் எங்கிருந்து வந்தது?

இதற்காக ஷேக்ஸ்பியரை மே 3-க்குத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அக்கால ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு ஜூலியன் தேதியையே வைத்துக்கொள்வது வழக்கம். 1661-ல் இரண்டாம் சார்லஸ் முடிசூடிய ஏப்ரல் 23-ம் அப்படிப்பட்டதுதான். தேதி இருக்கட்டும், 'ஒரே நாள்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். உலகப் புத்தக தினத்துக்கு 1995-ல் யுனெஸ்கோ இந்தத் தேதியைத் தேர்ந்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். அதனால் இந்தத் தவறு ஆண்டுதோறும் புத்துயிர் பெற்றுவிடுகிறது.

ஷேக்ஸ்பியர் 'பிறந்ததும் இதே தேதியில்' என்ற வரிக்கும் ஆவணம் இல்லை. இருப்பது 1564 ஏப்ரல் 26-ல் ஞானஸ்நானம் பெற்ற பதிவு மட்டுமே. கல்லறை அருகிலுள்ள நினைவுச் சிலையின் கீழ், 53-ஆம் வயதில் மறைந்ததாகப் பொறித்திருக்கிறார்கள். 52 முடிந்து 53 நடக்கிறது என்பது அதன் பொருள். இதை நம்பினால் அவர் பிறந்தது ஏப்ரல் 23 அல்லது அதற்கு முன். இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள் அன்று என்பதால் 23 ஒட்டிக்கொண்டது. பீத்தோவனுக்கும் இதே கதை: 1770 டிசம்பர் 17 ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல. இத்தகைய இடங்களில் 'மரபாகக் கொண்டாடப்படும் நாள்' என்று எழுதினால் போதும்.

அடுத்தது, இசையமைப்பாளர் செர்கெய் புரோகோஃபியெவின் பிறந்தநாள். 1891 ஏப்ரல் 11 தாம் பிறந்த நாள் என்று அவரே நம்பினார். ரஷ்யா அப்போதும் ஜூலியனில்தான் இருந்தது; 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யத் தேதிக்கு 12 கூட்டினால் 23. அவர் மறைவுக்குப் பின் கிடைத்த பிறப்புச் சான்றில் ஏப்ரல் 15 என்று இருந்தது. ஆகவே அவரை 27-க்கு மாற்றுங்கள். சம்பந்தப்பட்டவர் வாய்மொழியே ஆனாலும் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

கூட்டும் எண்ணில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள், அங்கிருந்து 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன் பிறகு 13. 1700, 1800, 1900 ஆகியவை ஜூலியனில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் அல்ல. வித்தியாசம் ஏறுவது அதனால்தான். ரஷ்யப் புரட்சியின் 1917 அக்டோபர் 25-க்கு 13 கூட்டி நவம்பர் 7 என்று பழகிய கை, 1870 ஏப்ரல் 10-ல் பிறந்த லெனினுக்கும் 13 கூட்டிவிடும். சரியான தேதி 22. ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றுவது இன்னொரு விபத்து. மூலத்தில் எந்த முறை என்ற குறிப்பு இல்லையென்றால் இரண்டாவது நூலையும் பார்க்காமல் கூட்டல் போடக்கூடாது. 1582-க்கு முந்தையவற்றை (அயர்லாந்தில் 1014-ல் நடந்த குளோன்டார்ஃப் போர் போல) மாற்றவே வேண்டாம்.

மூன்றாவது சிக்கல், கடிகாரம். யூடியூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23-ல் ஏறியது என்பது கலிபோர்னியா நேரப்படி இரவு எட்டரை மணிவாக்கில். உலகப் பொது நேரப்படி அது 24 அதிகாலை. சோவியத் விண்வெளி வீரர் கொமரோவை ஏற்றிச் சென்ற சோயுஸ்-1 விண்கலம் இதற்குத் தலைகீழ்: 1967 ஏப்ரல் 23 அதிகாலை மாஸ்கோவில் மூன்றரை மணி என்றால், அமெரிக்காவில் இன்னும் 22 மாலை. நிகழ்ந்த இடத்தின் தேதியை எடுப்பது, விண்வெளி என்றால் உலகப் பொது நேரத்தை எடுப்பது என்று ஒரு முறையை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. நிலவில் ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தது உலகப் பொது நேரப்படி 1969 ஜூலை 21. ஜூலை 20 என்பது அமெரிக்கத் தேதி. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதுவதுதான் தவறு.

ஷேக்ஸ்பியர் வரியைத் திருத்தி வெளியிடுவதானால் இவ்வளவு போதும்: '1616 - வில்லியம் ஷேக்ஸ்பியர் மறைவு (ஜூலியன் நாட்காட்டி, இன்றைய கணக்கில் மே 3).' செர்வாண்டிஸ் முந்தைய நாள் பட்டியலுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்