மண்டபச் சாவியைத் திரும்பக் கொடுங்கள்: நம் ஊர் சமூக மண்டப நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணன், செயலாளர் ஐயா, குழுவில் இருக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தாமான் (குடியிருப்பு) முனையில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிறீர்கள், அதனால் நான் யாரென்று விளக்கத் தேவையில்லை. போன சனிக்கிழமை தீபாவளி கலை இரவில் நடந்ததையும் புதிதாகச் சொல்ல வேண்டாம். முன்வரிசையில் நீங்கள்தான் இருந்தீர்கள். மறுநாள் காலையில் மண்டபக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. இந்த மடல் அந்தப் பூட்டைப் பற்றியது.

கேட்பது ஒன்றுதான். புதனும் ஞாயிறும் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, முன்பு கொடுத்ததுபோல, ராப் பாட்டுப் பாடிப் பழகுகிற அந்த நாலு பையன்களிடம் மண்டபச் சாவியைக் கொடுங்கள்.

அன்றைக்குப் பாடிய தம்பியின் பெயரை எழுதவில்லை. நாலாவது மாடி, செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் என்றால் உங்களுக்குத் தெரியும். வயது பத்தொன்பது. அவன் பாட ஆரம்பித்து ரெண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அஞ்சு மணிப் பெரட்டு, அப்பாயி காலில் வெடிப்பு; அம்பது வருசம் ஒழச்சும் அடுத்தவன் மண்ணுல பொழப்பு" என்று அவன் எடுத்தபோது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த பாட்டிகள் பேச்சை விட்டுவிட்டு மேடையைப் பார்த்தார்கள். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது; அந்தக் களத்தில் நின்ற கால்கள் அவர்களுடையவை. அந்தச் சொல்லை ஒரு பையன் வாயில் கேட்டு எத்தனை வருடமாயிற்றோ. அப்புறம் "பொட்டலம் மடிச்ச கை" என்றான், போதைப் பொட்டலத்தைத்தான். அத்தோடு மைக் நின்றது. தலைவர் அண்ணன் வேறு மைக்கை வாங்கி, "குடும்பத்தோட உக்காந்திருக்கிற எடத்துல ரௌடிப் பாட்டு வேணாம், இந்தப் பாட்டால எவனும் உருப்பட்டதில்ல" என்றீர்கள். கைதட்டலும் விழுந்தது.

அண்ணே, அந்த வரி அங்கே முடியவில்லை. "பொட்டலம் மடிச்ச கை பேனா புடிச்சு நிக்குது; பொழப்ப மாத்திக் காட்டச் சொல்லிப் பெத்த வயிறு கேக்குது." இதுதான் முழு வரி. என் பட்டறையில், உதிரிப்பாக பில்லின் பின்பக்கத்தில் எழுதினான். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஊர் முழுக்க முதல் பாதியைத்தான் கேட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவும் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார். அவருக்காக எழுதியது ரெண்டாவது பாதி.

அவன் பதினாறு வயதில் யாருக்காக என்ன சுமந்தான், எந்த ராத்திரி லாக்கப்பில் இருந்தான் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அதை மறைக்கவில்லை, மேடையேறிச் சொல்கிறான். ஒரு பையன் தன் தப்பைத் தானே ஊருக்கு முன்னால் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று பெரியவர்களான நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எவனும் உருப்பட்டதில்லை என்றீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜே-சீ என்று ஓர் அமெரிக்கப் பாடகர். நியூயார்க்கில், புரூக்ளினில், மார்சி என்கிற அரசாங்க அடுக்குமாடியில் வளர்ந்தவர். நம் மலிவுவிலை வீடு போலத்தான் அதுவும். சின்ன வயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். தெருவில் போதைப்பொருள் விற்றதை அவரே பாட்டிலும் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். வீட்டுச் சமையலறை மேசையில் விரலால் தாளம் தட்டி, நோட்டுப் புத்தகத்தில் வரி எழுதிப் பழகியவர். பெரிய கம்பெனிகள் எதுவும் சேர்த்துக்கொள்ளாததால் இசைத்தட்டைக் காரில் வைத்து விற்றார். கூட்டாளிகளோடு சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, 1996இல் முதல் இசைத்தொகுப்பு வந்தபோது அவருக்கு 26 வயது. 2017இல் அமெரிக்கப் பாடலாசிரியர்களின் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் ராப் பாடகர் அவர். 2019இல் ராப் உலகத்தின் முதல் பில்லியனர் என்று ஃபோர்ப்ஸ் எழுதியது. நம் பையன்கள் பில்லியனர் ஆகப்போவதாக நான் சொல்லவில்லை. சமையலறை மேசைக்கும் அந்த மேடைக்கும் நடுவே பத்துப் பதினைந்து வருடப் பயிற்சி இருந்தது. நான் கேட்பது பயிற்சிக்கு ஓர் இடம்.

அமெரிக்காவை விடுங்கள். நம் மலேசியாவின் ராப் பாடகர் யோகி பி இருக்கிறார். அவர் இருந்த பொயட்டிக் அம்மோ குழு 1998இல் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று நாலு மொழியிலும் பாடியது. 2006இல் நட்சத்ரா குழுவோடு அவருடைய 'வல்லவன்' இசைத்தொகுப்பு வந்தபோது நான் இன்னொருவர் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அந்த சிடி தேய்ந்து கோடு விழும்வரை கேட்டோம். நாம் பேசுகிற தமிழில், நம் பையன் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி ராப் பாடுவதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அதற்கு அடுத்த வருடமே சென்னைத் திரைப்படத்தில் அவர் குரல் வந்தது. காலகாலமாகத் தமிழ்நாட்டுப் பாட்டு இங்கே வந்துகொண்டிருந்தது, இங்கிருந்து ஒரு குரல் அங்கே போயிற்று. இன்றைக்குத் தமிழ் சினிமாவில் ராப் சர்வ சாதாரணம். அந்த வழியை வெட்டியவர்களில் மலேசியாக்காரர்களும் உண்டு. நம் வானொலியில் இவர்கள் பாட்டு வந்தால் நீங்களும் காரில் கேட்டுக்கொண்டுதான் போகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராப் பாட்டு சேர்ந்த இந்த ஹிப் ஹாப் எங்கே பிறந்தது தெரியுமா? 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூயார்க் பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியின் பொது மண்டபத்தில். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கலாம் என்று கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையை வாடகைக்கு எடுத்தாள். பாட்டுப் போட்டது அவள் அண்ணன், பதினெட்டு வயசுப் பையன். பின்னாளில் உலகம் அவரை கூல் ஹெர்க் என்று அறிந்தது. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். யாரோ ஒருவர் அன்றைக்கு அந்த அறைச் சாவியைக் கொடுத்தார். நம் மண்டபம் மாதிரி ஓர் இடம்தான் அதுவும், தலைவர் அண்ணே.

இப்போது அந்தப் பையன்கள் எங்கே பழகுகிறார்கள் என்று சொல்கிறேன். என் பட்டறைக்குப் பின்னால் இஞ்சின் இறக்கி வைத்த பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று நிற்கிறது. அதற்குள்தான். நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, டேஷ்போர்டில் கைப்பேசியை நிறுத்தி ஒலிப்பதிவு செய்கிறார்கள். ராத்திரியானாலும் நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் கண்ணாடி உள்ளே வியர்த்துவிடும். மெயின் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி போனால் அந்தச் சத்தம் பதிவாகிவிடும், முதலிலிருந்து மறுபடி பாட வேண்டும். ஒரே பாட்டைப் பதினாலு தடவை பாடிய ராத்திரி உண்டு. ராப் என்பது உட்கார்ந்து பாடுகிற பாட்டு இல்லை. கை வீச வேண்டும், மூச்சை எங்கே எடுப்பது என்று நின்று பார்க்க வேண்டும். வீசுகிற வேகத்தில் கதவில் இடித்து இடித்து அந்தத் தம்பியின் வலது முழங்கை கன்றிப் போயிருக்கிறது. வெளியே வந்து, நான் எண்ணெய் துடைக்கிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். அதே முகத்தோடு பதினொரு மணி ஷிஃப்டுக்குப் போகிறான்.

நீங்கள் பூட்டு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரோந்து வண்டி வந்தது. இருட்டில், போர்வை மூடிய காருக்குள் நாலு பையன்கள். போலிஸ்காரர் டார்ச் அடித்து வெளியே இறக்கினார். நாலு பேரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார்கள், பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் பாட்டெழுதிய தாள்கள். நான் ஓடிப்போய்ச் சொல்லி விடுவித்தேன். நான் அங்கே இல்லாமல் போயிருந்தால்? விளக்கு எரிகிற மண்டபத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிய நின்று பாடிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். இருட்டுக்கு அனுப்பியது நம் பூட்டு.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றார்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடு சின்னதுதான், ஆனால் எதிரே திடல் இருந்தது, கோயில் இருந்தது, சாயங்காலம் பந்தாட்டம் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். நிலம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்து அடுக்குமாடிக்கு வந்தோம். பிள்ளைகளுக்கு மிஞ்சியது கார் நிறுத்தும் இடமும் மாடிப்படியும். அந்த மாடிப்படிக்குக் கீழே யார் காத்திருந்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

என் தம்பியை அந்த மாடிப்படியிலிருந்துதான் கூட்டிப்போனார்கள். 2009இல், 22 வயதில், ஒட்டுக்கடைக்குப் பின்னால் அவன் கதை முடிந்தது. நாலாவது மாடிக்குப் பெட்டியை ஏற்ற முடியாது என்று நாங்கள் திகைத்து நின்றபோது, நான் கேட்காமலே மண்டபத்தைத் திறந்துவிட்டீர்கள். இருநூறு நாற்காலி போட்டீர்கள். மின்சாரத்துக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவன் உயிரோடு இருந்த காலத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் கதவு ஒரு நாளும் அவனுக்குத் திறந்ததில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

அந்த மண்டபம் யார் காசு? தோட்டத்துச் சனம் சம்பள நாளில் ஆளுக்குப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று கொடுத்துக் கட்டியது. என் அம்மா கொடுத்த ரசீது வீட்டில் இருக்கிறது. தேர்தல் வந்தால் ராத்திரி ஒரு மணிவரை விளக்கு எரிகிறது. எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் சாவி கிடைக்கிறது. வந்தவர்கள் இளைஞர்களுக்கு அதைச் செய்வோம், இதைச் செய்வோம் என்று பேசிவிட்டுப் போன அதே மேடையில், இளைஞன் ஒருவன் ரெண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. வாரத்தில் அஞ்சு நாள் மண்டபம் சும்மா கிடக்கிறது, புறா அடைகிறது. உறுமி மேளக் குழு ஆரம்பித்தபோதும் "சத்தம், குடிகாரப் பசங்க" என்று இதே ஊர்தான் சொன்னது. இன்றைக்குத் தீமிதிக்கு அவர்கள் இல்லாமல் கரகம் கிளம்புவதில்லை.

மன்னிக்க வேண்டும், வேகத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன். உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. இந்தப் பாட்டுகளில் கெட்ட வார்த்தை வருகிறது, அது உண்மை. வெட்டு குத்தைப் பெருமையாகப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. வயதுப் பெண்பிள்ளைகள் வந்துபோகிற இடம் என்று செயலாளர் ஐயா சொன்னதும் நியாயம். அதனால் பையன்களோடு உட்கார்ந்து பேசிவிட்டேன். மேடையில் பாடப்போகிற பாட்டை முன்கூட்டியே உங்களிடம் காட்டுவார்கள். மண்டபத்துக்குள் சிகரெட் கிடையாது, வெளியாள் கிடையாது. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து, கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். மின்சாரச் செலவை நான் கட்டுகிறேன். ரெண்டு நாளும் ஏழு மணிக்குப் பட்டறையை மூடிவிட்டு நானே வந்து கூட இருக்கிறேன். ஏதாவது தப்பு நடந்தால் என்னைக் கேளுங்கள்.

தயவுசெய்து சாவியைக் கொடுங்கள். புதனும் ஞாயிறும், ரெண்டு மணி நேரம். முடிந்தால் பொங்கல் விழாவில் அந்தத் தம்பிக்கு மறுபடியும் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். அவன் அம்மாவை நான் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

வருகிற புதன்கிழமை ஏழு மணிக்கு நானும் நாலு பையன்களும் மண்டப வாசலில் நிற்போம். குழுவிலிருந்து யாராவது ஒருவர் வந்து திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
தாமான் முனை மோட்டார் பட்டறைக்காரன்