ஒரு இரவு எங்களோடு இருந்து பாருங்கள்

மதிப்புக்குரிய சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன கிழமை திருகோணமலையில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அறிக்கையும் கைக்கு வந்திருக்கும். அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

மருந்து அறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்காகிறது. அன்றிரவு நிலாவெளி வீதியில் மோட்டார்சைக்கிளால் விழுந்த பொடியனோடு இருபது பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் சேலைன் ஸ்டாண்டைத் தூக்கினார். நானும் பயிற்சிக்கு வந்த தங்கச்சியும் அந்த அறைக்குள் ஓடி, கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றோம். வெளியே உதை விழ விழ அவள் என் கையை இறுக்கினாள். நகம் பதிந்த தடம் இன்னும் மாறவில்லை. வாசலில் நின்ற ஒரே காவலாளி வயதானவர். அவரையும் தள்ளி விழுத்திவிட்டார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் முக்கால் மணித்தியாலமாகப் பொடியனின் நிலைமையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. டொக்டருக்குத் தமிழ் வராது, அவர்களுக்குச் சிங்களம் வராது. இரண்டும் தெரிந்த நான் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை தொடங்கியது அங்கேதான்.

அதனால்தான் கேட்கிறேன், ஒரு இரவு வந்து பாருங்கள். எந்தக் கதவு பூட்டாது, எங்கே லைட் எரியாது, எத்தனை மணிக்குக் கூட்டம் சேருகிறது, ஓட வேண்டி வந்தால் எது வழி என்று எங்களோடு நடந்து குறித்துக்கொள்ளுங்கள். பகலில் வந்தால் இதெல்லாம் தெரியாது. ஏச்சும் மிரட்டலும்கூட வன்முறைதான் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மற்றவர்களோடு சேர்ந்து 2002இலேயே வழிகாட்டி வெளியிட்டன. எங்களிடம் அடி விழுந்தால்தான் பதிவு. ஏச்சையும் எழுதிவைக்க ஒரு கொப்பி இருந்திருந்தால், இது வரப்போகிறதென்று உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும்.

2025 மார்ச்சில் அநுராதபுரத்தில் பெண் டொக்டருக்கு அவர் தங்குமிடத்திலேயே நடந்த கொடுமையை நாடே பேசியது. வேலைநிறுத்தமும் நடந்தது. அப்புறம் என்ன மாறியது? நாங்கள் இன்றும் தங்குமிடத்துக்கு டோர்ச் அடித்துக்கொண்டுதான் போகிறோம். இன்னும் யாருக்கு என்ன நடக்க வேண்டும்?

மன்னிக்க வேண்டும், கை சூடாக எழுதிவிட்டது. ஒரு தாழ்ப்பாள், ஒரு அழைப்பு மணி, இரவில் உறவினரோடு பேச இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர். இவற்றைத் தயவுசெய்து செய்து தாருங்கள். அதற்கு முன் ஒரு இரவு வந்து பாருங்கள். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முந்திய இரவு என்றால் நல்லது, அடிபட்டு வருகிறவர்கள் அன்று அதிகம். இந்த முறை அன்றைக்கும் எனக்குத்தான் கடமை.

இப்படிக்கு,
இரவுக் கடமைத் தாதி ஒருவர்