சரிவதற்கு முன் அந்த விண்மீன் எப்படி இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு அறிவியல் பக்கத்தில் கருந்துளை பற்றி வந்த கட்டுரையை என் பிளஸ் டூ மாணவிகள் வெட்டி எடுத்துவந்து வகுப்பறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையைத் தாங்காமல் சரியும், சரிந்தால் கருந்துளைதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சரிவு எந்த நிலையிலிருந்து தொடங்கியது என்று கேட்காமல் அது எங்கே போய் முடியும் என்று சொல்லவே முடியாது. இந்தத் துறையின் பாதி உழைப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நிறை எவ்வளவு என்பது முதல் விஷயம். சூரியன் அளவுள்ள விண்மீன் கருந்துளை ஆகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் கண்ட 1.4 சூரிய நிறை என்ற எல்லைக்குள் அது வெண்குறுமீனாக, அதாவது எரிந்து ஓய்ந்து சுருங்கிய சிறு விண்மீனாக, நின்றுவிடும். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

அப்புறம், அந்த நிறை உள்ளே எப்படிப் பரவியிருந்தது என்பது. இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பிளஸ் ஒன் மாணவியே போடக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. மையத்தை நோக்கி நேராக விழும் துகளை, மிக ஒடுங்கிய நீள்வட்டத்தில் சுற்றும் கோளாக வைத்துக்கொண்டு கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டால், விழ எவ்வளவு நேரமாகும் என்பது கிடைத்துவிடும். சூரியனுக்குள் இருக்கும் அழுத்தம் சட்டென இல்லாமல் போனால், அதன் மேற்பரப்பு மையத்துக்கு வந்துசேர ஏறத்தாழ அரை மணி நேரம்தான். விடையில் ஆரம் வராது, சராசரி அடர்த்தி மட்டுமே வரும். ஆக, அடர்த்தி எங்கும் ஒன்றாக இருந்தால் உள் அடுக்கும் வெளி அடுக்கும் ஒரே கணத்தில் மையத்தை அடையும். நடுவில் மட்டும் அடர்த்தி நான்கு மடங்கு என்றால், நடுப்பகுதி பாதி நேரத்திலேயே விழுந்துவிடும். வெளி அடுக்குகள் அப்போதும் வழியில்தான் இருக்கும். அழுத்தமில்லாத தூசு மேகத்துக்கு, கூடவே விழும் கடிகாரம் காட்டும் நேரத்தை எடுத்துக்கொண்டால், ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலும் இதே கணக்குதான்.

இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939-இல் எடுத்துக்கொண்டது அந்த முதல் வகையை: அழுத்தமில்லை, சுழற்சியில்லை, அடர்த்தி எங்கும் ஒன்று. அதில், அடர்த்தி வரம்பின்றிப் பெருகும் ஒருமைப்புள்ளி உருவாகும் முன்பே, ஒளிகூடத் திரும்பி வர முடியாத நிகழ்வெல்லை வந்து மூடிவிடுகிறது. உங்கள் கட்டுரை சொன்னது இந்த ஒரு கணக்கின் முடிவைத்தான். அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும் தூசுக்கான தீர்வுகளைக் கல்கத்தாவிலிருந்து பி. தத் அதற்கு ஓராண்டு முன்பே, 1938-இல், ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். அவர் பெயர் நம் ஊர்ப் பத்திரிகைகளில் வருவதே இல்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அடர்த்தி மையத்திலிருந்து வெளியே போகப் போக எப்படிக் குறைகிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறும் என்பதை மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கஜ் ஜோஷியும் உடன் உழைத்தவர்களும் 1990-களில் விரிவாகக் காட்டினார்கள். ஒரு வகைத் தொடக்கத்தில் கருந்துளை. இன்னொரு வகையில் நடுப்பகுதி முந்திக்கொண்டு ஒருமைப்புள்ளியாகிவிடுகிறது. மூட வேண்டிய எல்லை பின்தங்குகிறது. அங்கிருந்து ஒளி வெளியே தப்ப வழி கிடைக்கிறது.

சரிவின் முடிவு கருந்துளைதான் என்று பிரிட்டிஷ் கணித இயற்பியலாளர் பென்ரோஸ் 1965-இல் நிரூபித்துவிட்டாரே என்று கேட்கலாம். கல்கத்தா இயற்பியலாளர் ராய்சௌதுரி 1955-இல் தந்த சமன்பாட்டை அடித்தளமாகக் கொண்ட அந்தத் தேற்றம், ஒளிகூட வெளியேற முடியாத பொறிப்பரப்பு ஒன்று உருவாகிவிட்டால் ஒருமைப்புள்ளியைத் தவிர்க்க முடியாது என்கிறது. அது வெளியே தெரியாமல் மறைந்தே இருக்கும் என்று தேற்றம் சொல்லவில்லை. அதை 1969-இல் அவரே ஊகமாகத்தான் முன்வைத்தார். இன்றும் அது ஊகம்தான்.

இந்த ஊகம் உண்மை என்று ஹாக்கிங் 1991-இல் சக இயற்பியலாளர்களான பிரெஸ்கில், தோர்ன் இருவரிடமும் பந்தயம் கட்டினார். 1993-இல் சாப்டூயிக் என்ற ஆய்வாளர் கணினியில் ஓர் அலையை உள்நோக்கிக் குவியவிட்டுப் பார்த்தார். அலை வலுவிழந்திருந்தால் கலைந்து போனது, வலுத்திருந்தால் கருந்துளை ஆனது. இரண்டுக்கும் நடுவே, மயிரிழை பிசகாமல் சரிசெய்த தொடக்கத்தில் மட்டும், மறைப்பில்லாத ஒருமைப்புள்ளி. 1997-இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு புதிய பந்தயம் கட்டினார். அதில் சேர்த்த நிபந்தனையைக் கவனியுங்கள்: அப்படிச் சரிசெய்த தொடக்கங்கள் செல்லாது, பொதுவான தொடக்க நிலையிலிருந்து மறைப்பில்லாத ஒருமைப்புள்ளி வர வேண்டும்.

கருந்துளைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரு கருந்துளைகள் மோதியதில் எழுந்து 2015-இல் பதிவான ஈர்ப்பலையும், எம்87 விண்மீன்திரளின் நடுவே உள்ள கருந்துளையைக் காட்டி 2019-இல் வெளியான படமும் நம் கண்முன் இருக்கின்றன. ஆனால் எல்லாம் தீர்ந்துபோன விஷயம் என்று படிக்கும் ஒரு பெண், இதில் தனக்கு வேலை இல்லை என்றுதான் நினைப்பாள். என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒருத்தி, சரிவுக் கணக்கை முடித்த கையோடு, "அடர்த்தி வெளியே அதிகமா இருந்தா என்ன ஆகும் மிஸ்?" என்று கேட்டாள். வெளி அடுக்குகள் உள் அடுக்குகளை முந்திச் சென்று மோதும், அங்கே இந்தச் சூத்திரமே செல்லாது. அவளாகவே அதைப் போட்டுக் கண்டுபிடித்தாள்.

அடுத்த வாரம் அந்த வரியைத் திருத்தி, தொடக்க நிலை பற்றி ஒரு பத்தியாவது வெளியிடுங்கள். தத், ராய்சௌதுரி இருவர் பெயரும் அதில் இருக்கட்டும். பலகையில் பழைய கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம் வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முதுகலை இயற்பியல் ஆசிரியை,
அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி,
தென்காசி மாவட்டம்.